முத்துப் போட்ட முகம்

“ஒங்க முகத்தை ஒருக்கா வரையட்டுமாங்க?”

“எதுக்கு? கொல்லையில மாடு நிக்குதுல்ல, அதை வரை. ஆடாமயும் நிக்கும், அழகாவும் இருக்கும்.”

கல்யாணமான முதல் மாதத்தில் நடந்த பேச்சு இது. செவந்தி அன்று சிரித்துவிட்டாள். பிறகு அவள் கேட்கவில்லை. ஆத்மநாதனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சிறு வயதில் வந்த பெரியம்மை அவன் முகம் முழுக்கத் தழும்பு போட்டிருந்தது. “மாரியாத்தா எனக்கு மட்டும் முத்தை அள்ளிக் கொட்டிட்டா” என்று அவனே கேலியாகச் சொல்லிக்கொள்வான். கூடத்தில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவில் மட்டும் ஒரு தழும்பும் கிடையாது. ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு உரித்த முட்டை மாதிரி ஆக்கிவிட்டார். அந்தப் படத்தை அவன் நிமிர்ந்து பார்த்து செவந்தி கண்டதில்லை.

அவளுக்கோ அந்த முகத்தின் மேல் ஆசை விடவில்லை. அவன் அறந்தாங்கி பஸ்ஸில் செக்கர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் மனதிலிருந்தே வரைந்து பார்த்தாள். காலண்டர் படங்களைப் பார்த்து எழுதிப் பழகிய கை. கன்னத்தை இழைத்து இழைத்து வழுவழுவென்று ஆக்கியது. முடித்துப் பார்த்தால் அதே போட்டோ மாப்பிள்ளை. கிழித்து அடுப்பில் போட்டாள். தெருவில் யார் வந்தாலும் “அச்சு மாதிரியே இருக்கு” என்று அவள் படங்களைப் புகழ்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் புகழ்ச்சி அவளுக்கு இனிக்கவில்லை.

அறுபத்தாறாம் வருஷம் சிங்கப்பூரிலிருந்து வந்த அவள் அண்ணன் நாகராசு ஒரு பெட்டி நிறைய வர்ணக் குழாய்கள் கொண்டுவந்தான். “அக்ரிலிக்காம். எண்ணெய் வேணாம், தண்ணி போதும்னான் கடைக்காரன்.”

செவந்தி நம்பாமல், பழக்கப்படி டர்பன்டைன் ஊற்றிக் குழைத்தாள். வர்ணம் பால் மாதிரித் திரிந்தது. சரி என்று தண்ணீருக்கு வந்தாள். சித்திரை வெயில். காலண்டரைப் பார்த்து வரைந்த லட்சுமி படத்தில் ஒரு கன்னத்தை இழைத்து மறு கன்னத்துக்கு வருவதற்குள் முதல் கன்னம் காய்ந்துவிட்டது. தட்டில் இருந்த வர்ணமும் தோல் கட்டிவிட்டது.

எட்டிப் பார்த்த ஆத்மநாதன், “லட்சுமி ஒரு பக்கத்துக்குத்தான் பவுடர் போட்டிருக்கா போல” என்றான்.

“சிரிங்க, சிரிங்க. அண்ணன் காசு கரியாப் போகுது.”

அவன் போய்த் தன் வெற்றிலைத் தட்டை எடுத்துவந்தான். வெற்றிலையை உதறிவிட்டு, அதைச் சுற்றியிருந்த ஈரத்துணியை அவளிடம் நீட்டினான். “வெத்தலையே இதுல வாடாமக் கெடக்கு. ஒன் வர்ணம் கெடக்காதா?”

கிடந்தது. அன்றிலிருந்து வர்ணம் ஈரத்துணியில் சுகமாக இருந்தது; அவன் வெற்றிலைதான் காகிதத்தில் வதங்கியது.

தட்டில் ஈரம் நின்றதே தவிர, படத்தில் வைத்தது வைத்த இடத்திலேயே காய்ந்தது. செவந்தி அதனுடன் மல்லுக்கட்டுவதை மெல்ல விட்டாள். மண் காய்ந்தால் வெளுக்கும். இந்த வர்ணமோ காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கிறது என்று கண்டுகொண்டு, வேண்டியதைவிட வெளுப்பாகவே குழைத்தாள். காய்ந்ததன் மேல் தண்ணீராய்க் கரைத்த இன்னொன்றைப் பூசினால் அடியில் இருப்பது கலங்காமல் தெரிந்தது. அப்படி அடுக்கடுக்காகப் போட்டாள். இழைக்க முடியாததால் பிரஷ் பட்ட தடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே விட்டாள். முதலில் அது குறையாகத் தெரிந்தது. மழைக்காலம் வந்தபோது, தான் வேண்டுமென்றேதான் அப்படி விடுகிறோம் என்பது அவளுக்கே புரிந்தது.

அப்படிப் பழகிய கையால்தான் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் புளிக்கொட்டை எடுப்பதை வரைந்தாள்.

“ஏத்தா, எனக்கு இம்புட்டுச் சுருக்கமா? உழுது போட்ட வயலாட்டமில்ல இருக்கு.”

“இருக்குறதைத்தான போட்டேன், பெரியாத்தா.”

“ரெண்டை விட்டுட்டுப் போட்டா ஒன் கை தேஞ்சா போயிரும்?”

முணுமுணுத்துக்கொண்டு போனவள், மறுநாளே தன் நாத்தனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “பாரு, நாந்தேன். வாயைத் தொறந்தா ஒன்னையத் திட்டிருவேன் போல இருக்குல்ல?”

அன்று மாலை டூட்டி முடிந்து வந்த ஆத்மநாதன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் படத்தின் முன் நின்றான். விரலால் பிச்சையம்மாளின் கன்னத்துத் தடங்களைத் தடவிப் பார்த்தான். அதே விரல் பிறகு அவனுடைய கன்னத்துக்குப் போனது.

செவந்தி காபியோடு வந்து நின்றாள்.

“கல்யாணமான புதுசுல நீ ஒண்ணு கேட்ட” என்றான்.

“மாட்டை வரையச் சொன்னீங்க.”

“ஸ்டூடியோக்காரன் மாதிரி நீயும் எல்லாத்தையும் அழிச்சிருவியோன்னு இருந்துச்சு. மத்தவன் அழிச்சா அழிச்சிட்டுப் போறான். நீ அழிச்சா எனக்குத் தாங்காது.” காபியை வாங்கினான், குடிக்கவில்லை. “அதுக்கப்புறம் எத்தனையோ நாள் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துருக்கு.”

“இப்பக் கேளுங்களேன்.”

அவன் சன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினான்.

“என்னைய வரை செவந்தி. முத்து ஒண்ணு கொறையக் கூடாது.”