தாடிக்கு வலை

எஸ்கிலின் தாடியைத் தெரியாதவர் அந்தப் பாலாடைக்கட்டி ஆலையில் கிடையாது. செம்பட்டையும் நரையுமாய் மார்புவரை தொங்கும். முடி பாலில் விழாமலிருக்க அதற்கு வலை மாட்ட வேண்டும்; மறந்தால் போதும், சுகாதார மேற்பார்வையாளர் ரிக்கெ எதிரே வந்து நின்றுவிடுவாள். பாவி மனுசன், அவள் வந்து திட்டட்டும் என்றே பாதி நாள் மறந்தான். மனசு நிறைய ஆசை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வரும். இப்போது அவளை வேறு ஊர் ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் வந்தால் ஆலையில் சீட்டு எடுப்பார்கள். எவர் பெயர் வருகிறதோ, அவருக்கு நிஸ்ஸெயாக, அதாவது சிவப்புத் தொப்பியும் தாடியுமாய் ஒளிந்து திரியும் கிறிஸ்துமஸ் குள்ளனாக இருந்து, ரகசியமாய்ப் பரிசு வைக்க வேண்டும். யார் வைத்தது என்று கடைசி நாள் விருந்துவரை மூச்சு விடக்கூடாது. எஸ்கிலுக்கு ரிக்கெயின் பெயர் வந்தது.

கடையில் வாங்கித் தருவதா? கையாலேயே ஒரு நிஸ்ஸெ பொம்மை பின்னிவிடுவது என்று உட்கார்ந்தான். சிவப்புத் தொப்பி நீண்டுகொண்டே போய் உடம்பையே விழுங்கிவிட்டது. போகட்டும், தாடி இருந்தால் நிஸ்ஸெதான் என்று தேற்றிக்கொண்டான். தாடிக்கு வைத்திருந்த ஆட்டு ரோமத்தைப் பூனை குதறி, அதன்மேலேயே மூத்திரமும் பெய்து வைத்திருந்தது. கடை பூட்டியாயிற்று. எஸ்கில் கண்ணாடியைப் பார்த்தான், கத்தரியை எடுத்தான்.

மறுநாள் மழமழவென்ற முகத்தோடு முதல் ஆளாய் வந்து, பொம்மையை அவள் மேசையில் வைத்தான். ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது என்று ஒரே பெருமை.

தேநீர் நேரத்துக்குள் ஆலையே சிரித்தது. “தாடி எங்கப்பா, ரிக்கெ ரூமுக்கு மாத்தலாகிப் போயிடுச்சா?” என்றான் லாரி ஓட்டும் யெப்பெ. அப்போதுதான் எஸ்கிலுக்கு உறைத்தது. ஒரு முடி கண்ணில் பட்டாலே எரிந்து விழுபவளுக்கு ஒரு கொத்து முடியையே பரிசாக வைத்திருக்கிறானே! இனி அவள் ஊரைவிட்டே ஓடுவாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

ரிக்கெ கூப்பிட்டு அனுப்பினாள். மேசையில் பொம்மை நின்றது. அதன் தாடிக்கு வெள்ளை வலை மாட்டி, தொப்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது.

“விருந்து வெள்ளிக்கிழமைதான். அதுவரைக்கும் இத யார் வச்சதுன்னு எனக்குத் தெரியாது,” என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“ஆமாங்க.”

“ஆனா அந்த ஆள நீங்க பாத்தா சொல்லிடுங்க. தாடிய மறுபடி வளக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல. நான் போயிட்டா அவருக்கு வலைய யாரு ஞாபகப்படுத்துறது?”

“சொல்லிடறேங்க,” என்றான் எஸ்கில். இல்லாத தாடியை நீவிக்கொண்டே வெளியே வந்தான்.