பத்தில் எட்டுப் பங்கு ஆரஞ்சு

மூரியல் ரஃபியூஸுக்கு வாழ்க்கையில் இனி வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பக்கத்துத் தோட்டத்து ஆரின் வீனோவின் உடம்பிலிருந்து அந்த ஆரஞ்சு கோட்டைக் கழற்ற வேண்டும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல்மர் ஊர்ப் பூசணித் திருவிழாவில் முதல் பரிசு வாங்குகிறவர் ஒரு வருடத்துக்குப் போட்டுக்கொள்ளும் கோட்டு அது. பதினொரு வருடமாக ஆரினிடமே இருக்கிறது. மனுஷன் அதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிறார், பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறார், சொந்த மாமியாரின் அடக்கத்துக்கும் அதோடுதான் போய் நின்றார். அந்தப் பதினொன்றில் ஒன்பது தடவை இரண்டாவதாக வந்தவள் மூரியல். அவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வருடம் அவள் விடுவதாக இல்லை. கொடியில் ஒரே ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளி எறிந்தாள். அந்த ஒன்று ஜூலையில் தலையணை அளவு இருந்தது, ஆகஸ்டில் சோபாவைத் தாண்டிவிட்டது. குளிர்ந்த இரவுகளில் கல்யாணத்துக்கு வந்த கம்பளியை எடுத்து அதற்குப் போர்த்தினாள். கணவர் கார்மன் பழைய கோணியைப் போர்த்திக்கொண்டு படுத்தார். பாவம், அவர் எதுவும் கேட்கவில்லை.

செப்டம்பரில்தான் வில்லங்கம் முளைத்தது. பூசணியின் பெரும்பகுதி நல்ல ஆரஞ்சாகப் பழுத்தது. ஒரு ஓரம் மட்டும், ஈரப் பாசி நிறத்தில், சாம்பல் பச்சையாகவே நின்றுவிட்டது. திருவிழாச் சட்டம் தெளிவானது. பத்தில் எட்டுப் பங்கு ஆரஞ்சாக இருந்தால்தான் பூசணி. இல்லாவிட்டால் அது ஸ்குவாஷ் என்கிற வேறு காய். ஒரே குடும்பம்தான், ஒன்றுவிட்ட சகோதரிதான், ஆனால் ஸ்குவாஷ் எவ்வளவு கனத்தாலும் அதற்குக் கிடைப்பது பச்சை ரிப்பன் மட்டுமே. கோட்டு கிடையாது.

"மூரியல், கொட்டகையில அரை டப்பா பெயிண்ட் கெடக்கு" என்றார் கார்மன். "ஆரஞ்சுதான்."

"என்னைய என்னன்னு நெனச்ச? ஏமாத்தியா ஜெயிக்கணும்?"

"முழுக்க வேணாம்மா. அந்த ஓரமா மட்டும்."

"போய் வேலயப் பாரு."

அக்டோபரில் தேங்க்ஸ்கிவிங் அறுவடைப் பண்டிகைச் சனிக்கிழமை. ஊரே ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் கூடியிருந்தது. ஆரினின் காயை ஃபோர்க்லிஃப்ட் தூக்கித் தராசில் வைத்தது. ஆயிரத்து முந்நூற்று எழுபத்தேழு பவுண்டு. ஆரின் கோட்டின் பொத்தானைத் தடவிக்கொண்டார். அடுத்தது மூரியலுடையது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு! அரங்கமே விசிலடித்தது. மூரியல் கார்மனின் கையைப் பிடித்த பிடியில் அவருக்கு விரல் மரத்துப்போனது.

அப்புறம் நடுவர்கள் வந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹில்ட்ரெட் டீச்சர், மாட்டு டாக்டர் பேசில், ரொட்டிக்கடை கிளைடு. டீச்சர் முதலில் ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். சாயம் ஒட்டவில்லை. பிறகு மூவரும் காயைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

"எட்டு வரும் போலத்தான் இருக்கு" என்றார் கிளைடு.

"ஏழர" என்றார் டாக்டர். "அதுக்கு மேல சொன்னா என் மனசாட்சி குத்தும்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஏழே முக்கால். சட்டம்னா சட்டம். இது ஸ்குவாஷ்."

கிளைடு டீச்சரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். "ஆமாமா, ஸ்குவாஷ்தான்" என்று தலையாட்டிவிட்டார்.

பன்னிரண்டாவது தடவையாக ஆரின் மேடையேறினார். கோட்டைக் கழற்றி, அதே கோட்டை மறுபடி மாட்டிவிட்டார்கள். இறங்கி வரும்போது மூரியலிடம் நின்றார். "மனசத் தளர விடாத மூரியல். ஸ்குவாஷ்ல நீதான் மகாராணி. போட்டிக்கு ஆளே இல்லையே!"

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் மூரியல் அழுதுவிட்டாள். கால் பங்கு நிறத்துக்காக ஒரு வருட உழைப்பு போய்விட்டதே என்று அவளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

"அன்னிக்கே சொன்னேன், அர டப்பா..." என்று கார்மன் ஆரம்பித்தார்.

"வாய மூடிட்டு ஓட்டு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விதைப் பங்கீடு. திருவிழாவிலேயே கனமான காயை ரம்பத்தால் பிளந்து, அதன் விதைகளை வளர்த்தவர் கையாலேயே ஊருக்குக் கொடுப்பது பெல்மர் வழக்கம். காசு வாங்கக் கூடாது, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு உறையிலும் வளர்த்தவர் பெயர், எடை, இன்ன காய் என்ற மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்த உறையைத்தான் மக்கள் குளிர்காலம் முழுக்க வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

மூரியல் வேண்டாவெறுப்பாகத்தான் மேஜைக்கு வந்தாள். வந்து பார்த்தால் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. முதல் ஆள் டீச்சர். பின்னாலேயே டாக்டரும் கிளைடும். நேற்று சட்டம் பேசிய மூன்று முகங்களும் இன்று பல்லை இளித்துக்கொண்டு நின்றன. அவளுக்கு அந்த நிமிடம்தான் புத்தி வேலை செய்தது. பேனா மூடியைத் திறந்தாள்.

"உறையில என்னன்னு எழுதட்டும் டீச்சர்? ஸ்குவாஷ்னுதானே?"

டீச்சர் தொண்டையைச் செருமினார். "அது... ஸ்குவாஷ்னு எழுதினா, என் தங்கச்சி சிரிப்பாளே. ட்ரூரோ ஊர்ல அவளும் வளக்குறா."

"அப்ப?"

"பூசணின்னே எழுதேன்."

"சத்தமா சொல்லுங்க டீச்சர், பின்னாடி கேக்கல."

"பூசணிடீ!"

"உங்களுக்கு டாக்டர்?"

"பூசணி" என்றார் டாக்டர், கூரையைப் பார்த்துக்கொண்டு. அவருடைய மனசாட்சி இன்று விடுமுறை போலிருக்கிறது. கிளைடு தன் முறை வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. "எனக்கும் பூசணி! நான் நேத்தே எட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

அதற்குப் பிறகு வரிசையில் வந்த அத்தனை பேரும் பூசணி, பூசணி என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். கார்மன் விதையைத் துடைத்துத் துடைத்து எடுத்துக் கொடுத்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் காது சிவந்துவிட்டது.

கடைசி ஆள் ஆரின். ஆரஞ்சு கோட்டு, மேல் பொத்தான் வரை போட்டிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"சொல்லு ஆரின். உனக்கு என்னன்னு எழுதட்டும்?"

ஆரின் தட்டில் கிடந்த விதைகளைப் பார்த்தார். கட்டைவிரல் அகலத்துக்குப் பருத்த, வெண்ணெய் நிற விதைகள். அவர் நாற்பது வருடம் வளர்த்ததில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. அவருக்கு வாய் ஊறியது எல்லாருக்கும் தெரிந்தது.

"ஸ்குவாஷ்னு வேணும்னா அப்படியே எழுதித் தரேன்" என்றாள் மூரியல். "எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா பூசணின்னா, அது உன்னோடத விட முப்பத்தஞ்சு பவுண்டு கூட."

அரங்கத்தில் ஒருவர் இருமினார். ஆரின் மேல் பொத்தானைக் கழற்றினார். அடுத்ததைக் கழற்றினார். கோட்டை உருவி, மடித்து, மேஜை மேல் வைத்தார். உள்ளே முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்.

"பூசணின்னு எழுது" என்றார். "ரெண்டு வெதையா குடு, மூரியல். ஒண்ணு மொளைக்கலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

மூரியல் மூன்று கொடுத்தாள்.