காதோரப் பவுடர்

“யாருண்ணே இது?”

மாரிராஜ் நீட்டிய கைபேசியில் ரோஜாப்பூ நிறத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சேலை, அம்மாவின் மூக்குத்தி. முகம் மட்டும் யாருடையதோ.

“அம்மாதாண்டி. பேனர்கடைக்காரன் அனுப்பியிருக்கான். நல்லா செவப்பாத்தான போட்டிருக்கான்? மத்தியானம் எடுக்கணும். சரின்னு சொல்லிட்டா அடிச்சிருவான்.”

“சொல்லாத. நான் போட்டுத் தாரேன்.”

வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா சுடலைவடிவு கிடந்தாள். நேற்று சாயங்காலம்வரை முக்கூடல் வயலில் நாற்று நட்டவள். கை கழுவ வாய்க்காலில் குனிந்தாள், நிமிரவில்லை. கலையரசி அழுது ஓய்ந்திருந்தாள். இப்போது கோபம் வந்தது. மடிக்கணினியைத் திறந்தாள்.

களக்காட்டுப் பக்கம் காட்டில் ஆட்கள் எடுத்துவரும் புலி, மந்தி, இருவாச்சிப் படங்களுக்கு நிறம் திருத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை வெயில் தூக்கலாகிவிட்ட புலி ஒன்றை எட்டிப் பார்த்த அம்மா, “ஏட்டி, புலி மஞ்சத் தேச்சுக் குளிச்சிட்டு வருதோ?” என்று கேட்டாள். அதிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் கலையரசி ஒரு படத்தையும் அனுப்பியதில்லை.

பேனருக்குக் கொடுத்த இந்தப் படம், போன வருஷம் அவள் வயலுக்குக் கொக்கு எடுக்கப் போனபோது எடுத்தது. கேமரா தன் பக்கம் திரும்பியதும் அம்மா, “ஏட்டி, இரு” என்று சோற்றுப் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்துக் கண்ணாடி இல்லாமலே பூசிக்கொண்டாள். எப்போதும்போல இடது காதோரம் திட்டாக நின்றுவிட்டது. அதைத் துடைத்துவிடுவது அவள் தங்கை மாரிக்கண்ணுவின் வேலை. அன்று சித்தி நடவுக்கு வரவில்லை.

எடுத்தபடியே இருந்த படத்தில் அந்திவெயில் எல்லாவற்றையும் மஞ்சளாக்கியிருந்தது. கலையரசி வழக்கம்போல வெள்ளையிலிருந்து தொடங்கினாள். அம்மாவுக்குப் பின்னால் வரப்பில் நின்ற கொக்கின் இறகைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று கணினிக்குக் காட்டினாள். மற்ற நிறங்கள் அதற்கேற்ப மாறின. கொக்கு கொக்காயிற்று. அம்மாவின் முகம் நீலம் பாரித்து, பெட்டிக்குள் இருப்பதைப்போல ஆயிற்று.

கணக்குப்படி அது சரிதான். ஆனால் அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெயிலை மெல்ல மெல்லக் கூட்டினாள். கொக்கின் முதுகில் சூடு ஏறியது. அம்மாவின் கருப்பு, கன்னத்துப் பளபளப்போடு திரும்பி வந்தது. கை இன்னும் கூட்டப் போயிற்று. அம்மா இருந்தால் என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்திக்கொண்டாள்.

மாரிராஜ் வந்து குனிந்து பார்த்தான்.

“கருப்பாத்தான் இருக்கா.”

“கருப்பிதான.”

“ஆமா. அம்மாதான்” என்றான். குரல் உடைந்துவிட்டது. பிறகு திரையில் விரலை வைத்துக் காட்டினான். “காதோரம் வெள்ளையா அப்பியிருக்கு பாரு. அத மட்டும் தொடச்சிரு. ஊரே பாக்கும்லா?”

ஒரு தொடல் போதும், போய்விடும். கொக்கின் காலில் ஒட்டிய சேற்றையே அவள் இதுவரை துடைத்ததில்லை.

“கெடக்கட்டும்ணே. அவ பூசுனது.”

மத்தியானம் குளிப்பாட்டிப் புதுச்சேலை சுற்றியதும் மாரிக்கண்ணு சித்தி அக்காவுக்குப் பவுடர் பூசினாள். காதோரம்வரை சீராக, திட்டில்லாமல்.

பாடையைத் தூக்கினார்கள். தெருமுக்கு வந்ததும் ஆண்கள் ஆற்றங்கரைப் பாதையில் திரும்பினார்கள். பெண்கள் நின்றுவிட்டார்கள், அதற்குமேல் போகிற வழக்கமில்லை. கொட்டுச் சத்தம் தேய்ந்தது. அழுதுகொண்டிருந்த சித்தி தலையைத் தூக்கினாள். அங்கே இப்போதுதான் கட்டியிருந்த பேனரில் சுடலைவடிவு வயல்வெயிலில் நின்றிருந்தாள்.

சித்தியின் அழுகை சட்டென்று நின்றது.

“எக்கா, இன்னைக்குமா இப்பிடி வந்து நிப்ப?”

முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு, பேனருக்கு அருகில் போய்க் கால்விரலில் எம்பினாள். கை அக்காவின் தோள்வரைதான் எட்டியது.