வாசனை இல்லாத வெள்ளை டப்பா

அண்ணி இறந்த பிறகு எங்கள் வீட்டில் சத்தமாகச் சிரிப்பவர்கள் யாரும் இல்லை. அண்ணன் புன்னகைப்பான். நான் அதையும் யோசித்துத்தான் செய்வேன். அண்ணி மட்டும்தான் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற அளவுக்குச் சிரிப்பாள். அவள் அதிகம் சிரித்த ஒரு குளிர்காலத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரு பெரிய கடையின் நிலவறையில் அண்ணி பல வருடங்கள் பொருள் கட்டிக் கொடுத்தாள். அங்கே ஜன்னல் கிடையாது. குழல்விளக்கும் அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும்தான். பிறகு ஒருநாள் அவளைத் தரைத்தளத்தில், கண்ணாடிக் கதவை ஒட்டிய முகக் க்ரீம் கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"கமா, இன்னைக்கு வேலை பாத்துக்கிட்டே மழையைப் பாத்தேன்டி."

கமா என்பது நான். மருந்துகளுக்கும் பூச்சுகளுக்கும் பெட்டி, விளக்கத்தாள் அச்சிடும் அச்சகத்தில் எனக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. எங்கள் அச்சகத்தில் இருவர் இருவராக உட்காருவோம். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் அச்சுப்பிரதியைப் பார்த்துக்கொண்டு வருவார். நிறுத்தக்குறியையும் விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை வீட்டில் பேச்சுவாக்கில், "அண்ணி, தண்ணி கமா துண்டு கமா கொஞ்சம் எடுங்க" என்று கேட்டுவிட்டேன். அன்றோடு என் பெயர் போயிற்று.

அண்ணி நின்ற இடம் குளிர்சாதனத்துக்கு நேர் கீழே. வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். மூக்கின் இரு பக்கமும் கன்னமும் வறண்டு, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மாதிரி தோல் உரிய ஆரம்பித்தது. தள மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "முகத்தைக் காட்டி விக்கிற இடம்மா இது. அடுத்த மாசம் மேற்பார்வை அம்மா வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலன்னா மறுபடி கீழதான்."

அவள் விற்ற க்ரீமையே பூசிக்கொள்ளலாம் என்றால் அதற்கு யானை விலை. ஊழியர் தள்ளுபடி போனாலும் யானை குதிரையாகும், அவ்வளவுதான். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் டப்பாவில் ஊழியர்கள் விரல் வைக்கக் கூடாது.

"என்கிட்ட ஒரு டின் நிறைய கிரீஸ் இருக்கு. வேணுமா?" என்றான் அண்ணன். அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"உங்க பஸ்ஸே நடுரோட்ல நிக்குது. என் மூஞ்சியும் நிக்கணுமா?"

சமையலறையிலிருந்து தொடங்கினோம். வாழைப்பழத்தைப் பிசைந்து பூசினாள். காய்ந்ததும் சிரிக்க முடியாமல் திண்டாடினாள். பாலாடை பூசினாள், மூன்றாம் நாள் நெற்றியில் பருக்கள். தேன் பூசிய அன்று சரியாகக் கழுவாமல் படுத்துவிட்டாள். காலையில் அவள் தலையணைக்கு எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க, உங்க பொண்டாட்டி எவ்வளவு இனிப்பானவன்னு எறும்புக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

சிரித்தாள்தான். ஆனால் அன்று கிளம்பும்போது கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். மூக்கோரத்தில் உரிந்த தோலை விரல்நுனியால் அழுத்தி ஒட்டவைக்கப் பார்த்தாள். "கீழ போறது ஒண்ணும் கேவலம் இல்ல கமா. ஆனா மேல இருந்து பாத்துட்டேனே" என்றாள்.

அன்று வேலை முடிந்து வருகிற வழியில் மருந்துக்கடைக்குப் போனேன். எங்கள் அச்சகத்தில் பெட்டி அச்சாகும் சாதாரண க்ரீம் ஒன்று உண்டு. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, வாசனை இல்லை, படமும் இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் குதிகாலுக்கு வாங்கிப் போவார்கள். அதை வாங்கிக்கொண்டேன். அண்ணி கடையிலிருந்து விலை உயர்ந்த க்ரீமின் காலிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் அச்சகத்தில் உட்காருவதுபோல் எதிரெதிரே உட்கார்ந்தோம். விலை உயர்ந்ததன் பெட்டியில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருந்த பட்டியலை நான் வாசித்தேன். அண்ணி மலிவானதில் விரல் வைத்துக்கொண்டு வந்தாள்.

"தண்ணீர், கமா."

"இருக்கு."

"கிளிசரின், கமா."

"இருக்கு."

"பாரஃபின், கமா."

"இதுலயும் இருக்குடி!"

அவள் பட்டியல் முடிகிறவரை பெயர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. பிறகு என் பெட்டியில் வாசனைப் பொருள்களும் நிறமும் ஒரு பூவின் சாறும் நீண்டுகொண்டே போயின. அவள் பெட்டி முன்னாலேயே முடிந்துவிட்டது.

"அப்போ நான் இத்தனை நாளா கண்ணாடி டப்பாவையும் வாசனையையும்தான் வித்துக்கிட்டு இருந்தேனா?"

"அப்படிச் சொல்ல முடியாது அண்ணி. எது எவ்வளவு போட்டிருக்காங்கன்னு பெட்டி சொல்லாது."

"உனக்குச் சந்தேகப்படறதுக்குத்தானே சம்பளம். கொண்டா இங்க."

அன்றிலிருந்து காலையும் இரவும் முகம் கழுவி, துண்டால் துளி ஈரம் இல்லாமல் அழுத்தித் துடைத்து, ஓர் இடம் கூட விடாமல் பூசினாள். ஒரு வாரம் ஆயிற்று. மேலே மினுமினுப்பாக இருந்ததே தவிர, அதற்கு அடியில் தோல் உரிவது நிற்கவில்லை. மேற்பார்வை அம்மா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கிரீஸ் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டான். அதுவே கெட்ட அறிகுறி.

அந்தச் சமயத்தில் அதே வெள்ளை டப்பாவின் விளக்கத்தாள் மறுபதிப்புக்காக எங்கள் மேஜைக்கு வந்தது. எத்தனையோ தடவை பார்த்த தாள்தான். நான் உரக்க வாசித்தேன். எதிரே பார்த்துக்கொண்டு வந்த பெரியவருக்குச் சரியான ஜலதோஷம். வரியின் நடுவில் ஒரு தும்மல் போட்டார்; கண்ணாடி எகிறிப் போய் மேஜைக்கு அடியில் விழுந்தது. தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, "அந்த வரியை மறுபடி சொல்லும்மா, நிதானமா" என்றார்.

"முகம் கழுவியதும், கமா, ஈரம் காய்வதற்குள் மெல்லப் பூசவும், புள்ளி."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. இத்தனை வருடங்களாக எழுத்தைப் பார்த்திருக்கிறேன், புள்ளியைப் பார்த்திருக்கிறேன். அந்த வரி ஒரு மனுஷிக்கு எதையோ செய்யச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அதை நீதானே படிச்சு அச்சுக்கு அனுப்பற?"

"எழுத்தெல்லாம் சரியா இருந்துச்சு அண்ணி."

"நல்லா இருக்குடி கதை! 'வீடு தீப்பிடித்தது'ன்னு எழுதிக் குடுத்தா, பின்னால புகை வந்தாலும் புள்ளி இருக்கான்னுதான் பாப்ப." சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன் சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

துண்டைத் தூர வைத்துவிட்டு, ஈர முகத்தில் கொஞ்சமாகப் பூசினாள். சில நாட்களிலேயே எரிச்சல் அடங்கியது. அடுத்த வாரத்தில் மூக்கோரம் மூடியது. கன்னம் இளகி, பழைய நிறத்துக்கு வந்தது.

மேற்பார்வை அம்மா வந்த அன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நானும் கடைக்குப் போனேன். சீப்பு வாங்குகிறவள் மாதிரி பக்கத்து அலமாரியில் நின்றேன். கவுன்ட்டர் முன்னால் பேருந்து நடத்துனர் சீருடையில் ஒரு பெண், காற்றடித்து வெடித்த கன்னங்களோடு, அந்த க்ரீமை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். மேற்பார்வை அம்மா வந்தார். வாட்டசாட்டமானவர், கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அண்ணியின் கன்னத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"பிரமாதம். எத்தனை நாளா நம்ம க்ரீம் போடறீங்க? இவங்களுக்குச் சொல்லுங்க."

தள மேலாளர் தலையை ஆட்டி ஆட்டி அண்ணிக்குச் சைகை காட்டினார். அண்ணி அந்த நடத்துனரின் கன்னத்தைப் பார்த்தாள்.

"இது நம்ம க்ரீம் இல்லம்மா. இதை வாங்க என் சம்பளம் பத்தாது. மருந்துக்கடையில விக்கிற சாதா க்ரீம்தான். வாசனை இருக்காது. முகம் கழுவி ஈரத்தோட பூசறேன்."

மேலாளர் தரையைப் பார்த்தார். நான் சீப்பை இறுக்கிப் பிடித்திருந்தேன். பற்கள் உள்ளங்கையில் பதிந்தன.

"இதை வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்களா?"

"யாரும் கேட்டதில்லம்மா. நீங்கதான் முதல்ல கேட்டீங்க."

நடத்துனர் க்ரீமைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் போகவில்லை. "அக்கா, உதட்டுல போட்டிருக்கீங்களே, அதுவும் மருந்துக்கடைதானா?" என்று கேட்டாள்.

"அய்யோ, இல்லம்மா, இது இங்கதான். ஆனா மேல்தட்டுல இருக்கறது வேண்டாம். கீழ்த்தட்டுல ஒண்ணு இருக்கு பாருங்க, உங்க நிறத்துக்கு அது எடுப்பா இருக்கும்."

அவள் அதை வாங்கினாள். தங்கைக்கென்று இன்னொன்று. ஒரு சோப்பும். "இவங்க சொன்னா நம்பலாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பணம் கட்டப் போனாள்.

மேற்பார்வை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போவதையே பார்த்தார். பிறகு மேலாளரிடம், "இவங்களை க்ரீம் பக்கம் நிறுத்தாதீங்க" என்றார். "லிப்ஸ்டிக் பக்கம் மாத்திடுங்க. இதே தளத்துல." அண்ணியிடம் திரும்பி விரலை நீட்டினார். "க்ரீம் பத்தி மட்டும் நீங்க வாயே திறக்கக் கூடாது."

"யாராவது கேட்டா?"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கவுன்ட்டருக்கு நகர்ந்தார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

வேண்டாத சீப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு, "கீழயா, மேலயா?" என்று கேட்டான்.

"மேலதான். கால் ரெண்டும் விட்டுப்போற வரைக்கும் மேலயேதான் நிக்கப்போறேன்." காலைத் தூக்கி என் மடியில் போட்டாள். "அமுக்குடி. நாத்தனாரைக் கால் அமுக்கச் சொன்ன அண்ணி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

"பழக்கப்படுத்திக்காதீங்க அண்ணி. இன்னைக்கு மட்டும்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குதிகால் கல்போல இருந்தது. நாளை எந்த நிறத்தை எந்தத் தட்டில் அடுக்குவது என்று மூடிய கண்ணோடு சொல்லிக்கொண்டே போனாள். நான் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.