சேவல் வருஷத்துச் சித்தப்பா

"சித்தப்பா குரங்கு வருஷம்" என்று சொல்லிவிட்டு, ஜோசியரின் கிண்ணத்தில் வெண்ணெய்த் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள் குன்ஸெஸ்.

வருஷத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விலங்குகள் வரைந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஜோசியர் நிமிர்ந்தார். குரங்கு வருஷத்தில் பிறந்தவர்கள் இந்தப் பிணத்தையும் பார்க்கக் கூடாது, அதன் புகையையும் பார்க்கக் கூடாது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்.

"உன் சித்தப்பன் டெல்டன் சேவல் இல்லையோ?"

"அப்பா எங்கிட்ட குரங்குன்னுதான் சொன்னாரு."

சித்தப்பாவிடம் பிறப்புச் சான்று எதுவும் கிடையாது. அவர் பிறந்த வருஷத்துக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி அவருடைய அண்ணன், குன்ஸெஸின் அப்பாதான். அந்தச் சாட்சி பக்கத்து அறையில், வெள்ளைத் துணிக்குள், உட்கார்ந்த வாக்கில் கட்டப்பட்டிருந்தது. குறுக்கே பேசாது.

போன மாதம் அப்பா, மலையுச்சிக் கோயிலில் வரப்போகும் புத்தரான மைத்ரேயரை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார். பாதி மலையில் இருக்கிற பழைய அரண்மனை வரை ஜீப்பில் போனார்கள். அதற்கு மேல் படிகள். பதினேழு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். கோயில் சாவி சித்தப்பாவிடம். அண்ணன் தலை தெரிந்ததும் கதவைப் பூட்டினார்.

"நேரம் முடிஞ்சிடுச்சு. நாளைக்கு வா."

பதினோரு வருஷத்துக்கு முன் வாய்க்கால் தண்ணீர் முறையில் வந்த சண்டை. வாய்க்காலே வற்றிவிட்டது, சண்டை மட்டும் வற்றவில்லை. பாதி இறங்கியபின் குன்ஸெஸ் திரும்பிப் பார்த்தாள். கேமரா மாட்டிய இரண்டு பேருக்குச் சித்தப்பா கதவைத் திறந்துகொண்டிருந்தார். அப்பாவும் பார்த்தார். அவருக்கு அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

ஜோசியர் வந்துபோன மறுநாள் காலை, பிணம் எடுக்கிற நேரத்தில், சித்தப்பா புது அங்கியில் வந்து நின்றார். சாவுக் காரியம் பார்க்கிற குலதெய்வப் பங்காளிகள் வாசலிலேயே மறித்தார்கள்.

"நான் சேவல்யா."

"யாரு சொன்னது?"

"அண்ணன்."

"அவன் மக வேற சொல்லுதே. இத்தன வருஷம் சேவல்னு கூவிக்கிட்டுத் திரிஞ்சியேய்யா" என்றார் ஒரு பங்காளி. "கோயிலுக்குப் போயி சுவரப் பாத்து உக்காரு. செத்தவனுக்குக் கெடுதல் பண்ணாத."

சித்தப்பா அவளைப் பார்த்தார். அவள் துக்கத்தில் இருந்தாள். பொருத்தமான நேரத்தில் துக்கம் நல்ல வசதி.

பெண்கள் சுடுமிடத்துக்குப் போவதில்லை. அதனால் கிடைத்த நேரத்தில் குன்ஸெஸ் மலையேறினாள். சித்தப்பாவின் முகம் எப்படி இருக்கிறதென்று பார்க்கவேண்டும். அரண்மனைப் படிகளில் மூச்சு வாங்கிய பயணிகள் 'ஜுலே' என்றார்கள். இவளும் 'ஜுலே' என்றாள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

கோயிலுக்குள் சித்தப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகுதான் கிடைத்தது.

"யாரு?"

"நான்தான்."

"தீ வச்சுட்டாங்களா?"

"இப்பதான்."

அவர் சுவருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "குரங்குன்னா எல்லாம் சரியா வருது" என்றார். "சேவல்னு பொருத்தம் பாத்துதான் கல்யாணம் பண்ணாங்க. ரெண்டே வருஷத்துல அவ போயிட்டா. அண்ணன் பொய் சொல்லியிருக்கான்மா, எங்கிட்ட."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பொய் சொன்னது தான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அப்பா யோக்கியராகிவிடுவார். சித்தப்பாவும் எழுந்து ஓடி, நெருப்பு அடங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

"அப்பாவுக்கு நெனவு தப்பியிருக்கும்" என்றாள்.

"ம். பொக எந்தப் பக்கம் போகுது?"

அவள் வெளியே பார்த்தாள். சுடுமிடத்துப் புகை, அரண்மனையின் உடைந்த ஜன்னல்களைத் தொட்டுக்கொண்டு, எங்கும் உட்காராமல், நேரே மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"ஆத்துப் பக்கம்."

சித்தப்பா தலையாட்டினார். சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்.

"கதவச் சாத்தும்மா. காத்து வருது, விளக்கு அணைஞ்சிடும்."

குன்ஸெஸ் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, மறு கதவைக் காலால் அகலத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். விளக்குகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. உள்ளே ஏறி வந்த புகையில் மைத்ரேயரின் முழங்கால்கள் முதலில் மங்கின, பிறகு மார்பு.

சித்தப்பா சுவரைப் பார்த்து இருமினார்.