மச்சானுக்கு ஒரு நாற்காலி

மாநாட்டு மண்டபத்தில் நாற்காலி போடுவது என் வேலை. இளக்காரமாக நினைக்க வேண்டாம். நாற்காலி ஒரு சாண் பின்னால் இருந்தது என்று கோபித்துக்கொண்டு கிளம்பிப் போன நாடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

தாழ்வாரச் சுவரில் பழைய மாநாட்டுப் படங்கள் தொங்கும். முதல் படத்தில் மீசை வைத்த பேரரசுகள் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். அடுத்தது பெரிய போருக்குப் பிறகு எடுத்தது. இனிமேல் எல்லாரும் சமம் என்று குட்டி நாடுகளுக்கும் நாற்காலி போட்டிருப்பார்கள். அப்புறம் இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் ஒன்று மட்டும் பேச, மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். மீசை போனாலும் பங்கு போடும் புத்தி மட்டும் போகவில்லை. இப்போது மறுபடி இரண்டு பேர் வருவதாக இருந்தது.

இந்தத் தடவை பங்குக்கு வந்தது என் மனைவி பிறந்த தீவு. ஒருவருக்கு அங்கே துறைமுகம் வேண்டும், இன்னொருவருக்கு மலைமேல் ரேடார் வைக்க இடம் வேண்டும். நடுவில் ஜனங்கள் குடியிருப்பது இருவருக்குமே தொந்தரவு. தீவுச் சபையின் தலைவர் என் மனைவியின் அண்ணன். யாரும் கூப்பிடாமலே வந்து எங்கள் வீட்டு சோபாவில் படுத்திருந்தார்.

“மாப்ளே, உள்ள ஒரு நாற்காலி மட்டும் வாங்கிக் குடுங்க. மிச்சத்த நான் பேசிக்கிறேன்,” என்றார்.

“எங்க அண்ணன் பேசினா கல்லும் கரையும்,” என்றாள் என் மனைவி. நான் பேசி அவள் ஒருநாளும் கரைந்ததில்லை.

தயங்கித் தயங்கி ஏற்பாட்டு அதிகாரியிடம் கேட்டேன். “தாராளமா போடுங்க. முன்வரிசையிலயே போடுங்க,” என்றார். என் லீவு விண்ணப்பத்தையே மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் மனுஷன். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

மச்சான் என் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கை கொஞ்சம் நீளம். தலைவர்கள் இருவரும் அவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி, மொழிபெயர்ப்பாளர்களோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

“நீங்க ஆரம்பிங்க,” என்றார் அதிகாரி.

மச்சான் எழுந்து பேசினார். படகுத்துறை, பள்ளிக்கூடம், அப்பா அம்மாவின் கல்லறை என்று ஒன்று விடாமல் சொன்னார். நிஜமாகவே கல்லும் கரைந்திருக்கும். எதிரே இரண்டு காலி நாற்காலிகள் இருந்தன. உதவியாளர்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர் முடிப்பதற்குள் பால்கனிக் கதவு திறந்தது. துறைமுகம் ஒருவருக்கு, மலை மற்றவருக்கு, ஜனங்களுக்கு வேறெங்கோ குடியிருப்பு. அதிகாரி அறிக்கையை வாசித்தார்: “தீவின் பிரதிநிதி முன்னிலையில், அவருடைய கருத்துகளை முழுமையாகக் கேட்டறிந்த பிறகு எடுக்கப்பட்ட முடிவு.”

“நான் ஒத்துக்கலையே,” என்றார் மச்சான். அதற்குள் அவருடைய மைக்கை அணைத்திருந்தார்கள்.

கைகுலுக்கிய படம் சாயங்காலத்துக்குள் தீவு முழுக்கப் பரவிவிட்டது. ஊரை விற்றுவிட்டான் என்று அவர் வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். சொந்த மகனே போனை எடுக்கவில்லை.

ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்ததும் மச்சான் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். என் மனைவி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“நான் வராமலே இருந்திருந்தா, எங்களக் கேக்காமப் பண்ணிட்டாங்கன்னாவது சொல்லியிருக்கலாம், மாப்ளே. எங்ககிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் போய் உக்காந்து குடுத்துட்டேன்.”