ஒரு கார்பைடுப் பல்

சனிக்கிழமை வேல்பாண்டிக்கு சவூதி விமானம். நாச்சியாபுரத்து வயலில் தண்ணீர் கிடைத்துவிட்டால் போகவே போவதில்லை என்று ரேணுகாவிடம் சொல்லியிருந்தான். கல்யாணமானதிலிருந்து அவர்கள் சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் அவனுடைய விடுமுறைகளில்தான். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வந்த காலையில் இருவரும் முன்னதாகவே வயலுக்குப் போய்விட்டார்கள்.

நீரோட்டம் பார்த்தவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் துளை போட்டார்கள். மத்தியானம் வரை மாவாகப் பறந்த கல்தூசி, பிறகு நனைந்து கட்டி கட்டியாக விழுந்தது. ரேணுகா ஒரு கட்டியை எடுத்து அவன் கன்னத்தில் வைத்தாள்.

"குளுகுளுன்னு இருக்கா?"

"ஆளுக பாக்குறாக, சும்மா இரு புள்ள," என்றான். ஆனால் துடைத்துக்கொள்ளவில்லை.

திடீரென்று வண்டியின் சத்தம் மாறியது. துளை போடும் முத்தரசு இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்தான். கடைசித் தண்டின் நுனியில் வந்த, பாறையைக் குடையும் பிட்டின் முகத்தில் முண்டு முண்டாக இருந்த பற்களில் ஒன்றைக் காணவில்லை.

"ஒடைஞ்சு அடியில கெடக்குக்கா. வேற எடத்துலதான் போடணும்."

"அம்புட்டுப் பெரிய பாறையை ஒடைக்கிறே, இத்துனூண்டு பல்லை ஒடைக்க மாட்டியா?"

"பிட்டோட ஒடம்புதான் எஃகு. பல்லு டங்ஸ்டன் கார்பைடு. பாறையை மாவாக்குறதே அதுதான். அதை மாவாக்க என்கிட்ட என்ன இருக்கு? இதே குழிக்குள்ள புதுப் பிட்டை இறக்குனா, பல்லும் பல்லும் மோதி எல்லாம் தெறிச்சுரும். இன்னும் ஒண்ணுதான் வச்சிருக்கேன். அங்குட்டுப் பத்தடி தள்ளிப் போடுவோம்."

"தேங்கா நின்னது இங்கதானே தம்பி?"

"தேங்காய்க்குக் கார்பைடு தெரியுமாக்கா?"

ஆட்கள் சிரித்தார்கள். ரேணுகா கணவன் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஈரம் வந்த எடத்தை விட்டுட்டு அங்குட்டுப் போட்டு, ஒண்ணும் வரலேன்னா நீங்க போயிருவீக."

முத்தரசு சொல்வதுதான் சரி என்று வேல்பாண்டிக்குப் பட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல அவனால் முடியவில்லை.

"இதுலயே இறக்குப்பா. பிட்டுக்கு நான் பொறுப்பு."

"ஒடைஞ்ச பல்லு ஓரமா ஒதுங்கிக் கெடந்தாத் தப்பிச்சோம்," என்றபடி முத்தரசு புதுப் பிட்டை இறக்கினான்.

ஒதுங்கியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே வந்த பிட்டின் முகம் மொட்டையாக இருந்தது.

"புதுசு வாங்கி, ஒக்கூரு வேலையை முடிச்சு, ஆவணிக்குத்தான் இனி இங்குட்டு வர முடியும்ணே. வெயில் காலம், வேற வண்டியும் கெடைக்காது."

வண்டி போன பிறகு, துளையில் இறக்கியிருந்த குழாயின் வாயைச் சாக்கால் மூடி வேல்பாண்டி கயிறு கட்டினான். மறுமுனையை ரேணுகா பிடித்துக்கொண்டாள்.

"நான் சும்மா இருந்திருக்கணும்."

"எனக்கும் அந்த ஈரத்தை விட்டுட்டு நகர மனசில்லை, ரேணு."

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தான். அவள் அடுக்களை வாசலில் நின்றாள்.

"பருப்புப் பொடி வைக்கவா?"

"நெறையவே வை," என்றான். "பிட்டுக் காசையும் அடைக்கணும். இந்தத் தடவை லீவுல வர நாளாகும்."